கரைக்குக் கீழே ஈரம்

நோன்பு வைத்துக்கொண்டு எவனாவது மலைச் சைக்கிள் மிதிப்பானா என்று அவனைக் கேட்காத ஆளில்லை. பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், கடைசியில் தலையை ஆட்டிச் சிரிப்பதோடு நிறுத்திக்கொண்டான். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பது அவன் வேலை. காலையிலிருந்து ஒரு சாணைச் சக்கரத்தையும் மேசை விளக்கையும் தவிர வேறெதையும் பார்க்காதவனுக்கு, வெயில் சாய்ந்தால் கண் தூரத்துக்கு ஏங்கும். நோன்பு மாதத்தில் முதலாளி சீக்கிரமே விட்டுவிடுவார். மற்றவர்கள் வீட்டுக்குப் போய் மின்விசிறிக்குக் கீழே மல்லாந்து கிடப்பார்கள். இவன் பழையதாக வாங்கிய அந்தக் குண்டு டயர் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊரைத் தாண்டிவிடுவான்.

படுத்துக் கிடந்தால்தான் தாகம் தெரியும், மிதித்தால் தெரியாது என்பது அவன் கட்சி. அது முழுப் பொய். கைவிட்ட கல்குவாரிக்கு ஏறும்போதே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் குவாரி மேட்டில் நின்று சுற்றிப் பார்க்கிற அந்தச் சுகத்துக்கு எதையும் கொடுக்கலாம் போலிருக்கும். தினமும் ஒரு புதுத் தடம் பிடிப்பான். ஆடுகள் போட்ட ஒற்றையடிப் பாதை, முள்ளுக்குள் மறைந்துபோன வண்டித் தடம், எங்கும் போய்ச் சேராத சரளைச் சாலை. எதில் சுற்றினாலும் கடைசியில் ஏரியின் மண் கரைமேல் ஏறி, அதன் நீளத்துக்கும் மிதித்து, அக்கா வீட்டில் இறங்கி நோன்பு திறப்பான்.

அக்கா வீடு கரைக்கு நேர் கீழே, கரையை ஒட்டியே இருந்தது. அதற்கும் கீழே பள்ளத்தில் கீழ்த்தெரு. மச்சான் கரைக் காவலர். வேலையோடு சேர்ந்து வந்த வீடு அது. அக்காவுக்குக் குளியலறையில் வழுக்கி விழுந்ததிலிருந்து இடுப்பு சரியில்லை, கம்பு ஊன்றித்தான் நடப்பாள். மச்சானுக்கு வாய் நீளம். ஊருக்கே பட்டப்பெயர் வைக்கிறவர், கண்ணாடிக் கடை மச்சினனுக்கு வைத்த பெயர் பவர். நோன்பு மட்டும் அவருக்கு ஆகாது. கேட்டால் அல்சர் என்பார், அந்த அல்சருக்கு மத்தியானம் இரண்டு தடவை சாப்பாடு கேட்கும். சைக்கிளைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான் கேட்பார். கேரியர் இல்லாத சைக்கிளில் பெண்டாட்டியை எங்கே உட்கார வைப்பாய், கழுத்திலா என்று.

அந்த வருடம் ஏரி தளும்பி நின்றது. ஒரு சாயங்காலம் கரைமேல் மிதித்துக்கொண்டிருந்தவன், காய்ந்த புல்லுக்கு நடுவே கரையின் அடிவாரத்தில் ஒரு பாய் அகலத்துக்குப் பச்சையைப் பார்த்தான். இறங்கிப் போய்க் கை வைத்தான். ஈரம். மறுநாள் அங்கே விரல் அகலத்துக்குத் தண்ணீர் ஓடியது. கண்ணாடி போல் தெளிவாக இருந்தது. வெயிலில் காய்ந்து வந்தவனுக்கு, சத்தமில்லாமல் ஓடும் அந்தத் தண்ணீரைப் பார்க்கப் பார்க்க ஆசையாகவும் இருந்தது, ஏனோ பயமாகவும் இருந்தது.

மச்சான் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. நோன்பு வைத்தவனுக்கு எங்கே பார்த்தாலும் தண்ணீர்தான் தெரியும் என்று அக்காவைக் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தார். பிறகு கொஞ்சம் இறங்கிவந்து, மண் கரை என்றால் கசியத்தான் செய்யும், தெளிவாகக் கசிந்தால் பயமில்லை, கலங்கி வந்தால் மட்டும் உடனே சொல் என்று இஞ்சினியரே சொல்லியிருக்கிறார் என்றார். அவனுக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஆனாலும் அக்கா அந்தக் கரையின் காலடியில்தான் தினமும் தலை சாய்க்கிறாள் என்ற நினைப்பு அவனை விடவில்லை.

சில நாள் கழித்து, கரைமேல் முன் சக்கரம் தொபுக்கென்று இறங்கி ஏறியது. தூங்கிக்கொண்டே மிதிக்கலாம் என்கிற தடம் அது. பச்சை தெரிந்த இடத்துக்கு நேர் மேலே கரை லேசாக உள்வாங்கியிருந்தது. நடப்பவன் காலுக்கு அது தெரியாது, ஹாண்டில் பிடித்தவன் கைக்குத்தான் தெரியும். இதையும் போய்ச் சொன்னான்.

“காலி வயிறு, பவரு. குழி இல்லாத எடத்துலயும் தூக்கித்தான் போடும்” என்றார் மச்சான்.

அவனுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. “ஒரே ஒரு நாள் நோன்பு வெச்சுட்டு அந்தக் கரை மேல நடந்து பாருங்க மச்சான். அப்புறம் சொல்லுங்க, எனக்குத் தெரியறது தண்ணியா பிரமையான்னு.”

மச்சான் வழக்கம்போல் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. சின்னவன் சொல்வதைக் கொஞ்சம் கேட்கத்தான் கேளுங்களேன் என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த நாள் குவாரிச் சரிவில் சரளை வாரிவிட்டு விழுந்தான். முழங்கையில் தோல் உரிந்து மண் அப்பியிருந்தது. அவசரத்துக்கு நோன்பு திறக்க பாட்டிலில் வைத்திருந்த தண்ணீரையெல்லாம் ஊற்றிக் கழுவினான். வலியோடு உருட்டிக்கொண்டு வந்ததில் நேரமாகிவிட்டது. கரையின் அடிவாரத்தில் அந்த ஈரத்துக்கு அருகில் வரும்போதே தூரத்துப் பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. சட்டைப்பையில் இருந்த பேரீச்சம்பழத்தை வாயில் போட்டான். குனிந்து, ஓடுகிற தண்ணீரை இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தான். நாளெல்லாம் ஏங்கிய தொண்டைக்குக் குளிர்ச்சியாகத்தான் இருந்தது. இரண்டாவது வாயில் பல்லுக்கிடையே நெறநெறவென்றது.

பழத்தில் ஒட்டிய மண்ணாக இருக்கும் என்று மனதைச் சமாதானப்படுத்திப் பார்த்தான். வாயைக் கொப்பளித்துவிட்டு மறுபடி குடித்தான். மறுபடியும் மண். இருட்டத் தொடங்கியிருந்ததில் நிறம் தெரியவில்லை, ஆனால் ஓட்டம் கை அகலத்துக்கு வந்திருந்தது. வாயால் சொன்னால் மச்சான் நம்பமாட்டார் என்று காலி பாட்டிலில் பிடித்துக்கொண்டு, முழங்கை எரிச்சலையும் மறந்து மிதித்தான்.

உள்ளே நுழைந்தபோது மச்சான் மேசை முன்னால் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவனைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு குறும்பு தெரிந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவன் கடையில் லென்ஸைப் பிடிக்கிற பழக்கத்தில், பாட்டிலை விளக்குக்கு நேரே பிடித்தான். செம்மண் கலங்கி மறு பக்கம் தெரியவில்லை.

மச்சானிடமிருந்து ஒரு கிண்டல் வரும் என்று எதிர்பார்த்தான். வந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். அவர் டம்ளரைச் சத்தமில்லாமல் மேசைமேல் வைத்தார்.

“அக்காவ கூட்டிட்டு குவாரி மேட்டுக்குப் போ.”

“நீங்க?”

“மதகு ஷட்டர் ரெண்டையும் தூக்கணும். தண்ணி எறங்கினா கரை கொஞ்ச நேரம் தாங்கும். கீழ்த்தெருவுல ஆளுங்க இருக்காங்கல்ல.”

செருப்பை மாட்டிக்கொண்டே கீழ்த்தெரு மளிகைக்காரரைப் போனில் கூப்பிட்டு, எல்லோரையும் கிளப்பச் சொன்னார். டார்ச்சை எடுத்தார். வாசலில் அக்கா அவர் கையைப் பிடித்தாள். இதோ வந்துவிடுகிறேன் என்று விடுவித்துக்கொண்டு, மச்சினனைத் திரும்பிப் பார்த்தார்.

“கேரியர் இல்லாத சைக்கிளு. பாத்துத் தள்ளுடா.”

அக்காவை முன் கம்பியில் உட்காரவைத்து, ஒரு கையால் அவளையும் மறு கையால் சைக்கிளையும் தாங்கி, ஆட்டுப் பாதையில் தள்ளினான். தினமும் மிதித்த பாதை என்பதால் எந்தக் கல் எங்கே என்று கைக்குத் தெரிந்தது. பாதி மேட்டில் மதகுத் தண்ணீர் இரைச்சலோடு பாயும் சத்தம் கேட்டது. அவனுக்கு உயிர் வந்தது. கீழ்த்தெருக்காரர்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, மூட்டையும் முடிச்சுமாக வேறொரு தடத்தில் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். கரைமேல் டார்ச் வெளிச்சம் ஒரு ஷட்டரிலிருந்து இன்னொரு ஷட்டருக்குப் போவதை மேட்டிலிருந்து எல்லோரும் பார்த்தார்கள். இரண்டாவது இரைச்சலும் எழுந்தது. வெளிச்சம் திரும்பி, கரையோடு அவர்களை நோக்கி வரத் தொடங்கியது.

பிறகு லாரி லாரியாக மண்ணைக் கொட்டுவதுபோல் ஒரு சத்தம். வெளிச்சம் இல்லை.

கீழ்த்தெருக்காரர்கள் தலையை எண்ணிப் பார்த்தார்கள். ஒருவரும் குறையவில்லை. மளிகைக்காரரும் சிலரும் விளக்கோடு இறங்கிப் போய்த் தேடிவிட்டு, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பினார்கள். மச்சான் வீடு இருந்த இடத்தில் தண்ணீர்தான் ஓடியது. யாரோ ஒரு பெண் அக்காவிடம் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அக்கா அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். குடிக்கவில்லை.

“கொஞ்சம் குடிக்கா” என்று அவன் கெஞ்சினான்.

“அவரு இன்னைக்கி நோன்புடா” என்றாள் அக்கா. “நீ சொன்னேன்னு ரோஷத்துல வெச்சாரு. காலையில கரை மேல நடந்து பாத்துட்டு வந்து, எனக்கு ஒண்ணும் தெரியலையேன்னாரு. நீ வந்தப்புறம் உன் முன்னாடிதான் தொறக்கணும்னு பாங்கு சொல்லியும் டம்ளர கையிலேயே வெச்சுட்டு உக்காந்திருந்தாரு.”