கேமரா முன்னால் உட்கார்ந்த கடுகு

அந்தக் குழந்தைகள் காப்பகத்தில் ஆயா வேலை பார்க்கிற அவளுக்குக் கடுகு என்று பெயர். வைத்தவள் சமையற்கட்டு அக்கா. எண்ணெய் காய்வதற்கு முன்பே வெடிக்கிறவளாம். ஆனால் அந்த வெடிப்புக்குப் பாதிக் காரணம் கடுகின் வலது தோளில் இருந்த வலி. சொந்தப் பிள்ளைகள் இரண்டு, ஊரார் பிள்ளைகள் எத்தனையோ, எல்லாரும் சாய்ந்து தூங்கிய தோள். இப்போது சட்டையில் கை நுழைக்கக்கூட லாரி ஓட்டுகிற புருஷன் வரவேண்டியிருந்தது. அந்த ஆள் கியர் போடுகிற மாதிரி இழுப்பான். காலையிலேயே சண்டை.

ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கிற பெண் அவள் கையைத் தூக்கிப் பார்த்தாள். பாதி வழியிலேயே கடுகு கத்தினாள்.

"எட்ட நின்னு கையை நீட்டித் தூக்காதீங்கக்கா. முட்டி போட்டு, பிள்ளையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு எழுந்திரிங்க. ஒரே பக்கமா வெச்சுக்காதீங்க. நடக்குற பிள்ளைன்னா நீங்க தரையில உக்காருங்க, அதுவே மடியில ஏறிக்கும். இப்படியே போனா தோள் இறுகிடும், அப்புறம் கை மேல வராது."

ஒத்தடமும், சுவரில் விரல்களை மெல்ல மெல்ல மேலே நடத்துகிற பயிற்சியும் சொல்லி அனுப்பினாள்.

மறுநாள் கடுகு தரையில் உட்கார்ந்தாள். பீப்பாய் என்று எல்லாரும் கொஞ்சுகிற ஒன்றரை வயதுக்காரன் தானே ஏறி மடியில் அமர்ந்தான். ஆனால் சுவரில் கேமரா இருந்தது. பெற்றோர்கள் ஆபீசில் இருந்தபடியே பார்ப்பார்கள். கொஞ்ச நேரத்தில் காப்பகத்தை நடத்துகிற மேடம் விறுவிறுவென்று வந்தார்.

"எந்திரி முதல்ல. ஆயா காலை நீட்டி உக்காந்திருக்குன்னு பீப்பாயோட அப்பா போன் பண்றார். பிள்ளை இடுப்புல இருந்தாத்தான் அவருக்கு நிம்மதி."

"நிம்மதி வேணும்னா அவர் இடுப்புல வெச்சுக்கட்டும் மேடம்."

"உனக்கு வேலை வேணாமா?"

"வேலையும் வேணும், கையும் வேணும். நான் போனா நாளைக்கே வேற ஆளைப் போடுவீங்க. எனக்கு வேற கையை யாரு போடுவா?"

சத்தத்தில் பீப்பாய் அழுதான். மேடத்தைப் பார்த்து இரண்டு கைகளையும் நீட்டினான். மேடம் ஓரடி பின்னால் போனார்.

"எனக்கு முதுகு ஆகாதுப்பா. டாக்டர் வெயிட்டே தூக்கக் கூடாதுன்னுட்டார்."

"ஓ. உங்களுக்குன்னா டாக்டர் சொன்னது. எனக்குன்னா கொழுப்பா?"

வாயே திறக்காத இன்னொரு ஆயா, சின்னவள், இடுப்புப் பிள்ளையை மெல்ல இறக்கிவிட்டுக் கடுகின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எனக்கும் இடது பக்கம் குத்துதுக்கா" என்றாள்.

இரண்டு பேரையும் துரத்திவிட்டால் சாயங்காலம்வரை அத்தனை பிள்ளைகளையும் யார் பார்ப்பது? மேடம் வந்த வேகத்திலேயே திரும்பினார்.

அடுத்த வாரம் பெற்றோர் எல்லாருடைய போனுக்கும் செய்தி போனது. பிள்ளைகள் தாங்களே ஏறி இறங்கிப் பழகும் புது முறையாம். மேடமே யோசித்துக் கண்டுபிடித்ததாம். அதனால் கட்டணம் கொஞ்சம் கூடுமாம். துணி மாற்றுகிற மேசையருகே பிள்ளைகள் ஏற ஒரு மரப்படியும் வந்தது. பீப்பாயின் அப்பா பிரமாதம் என்று பதில் போட்டாராம்.

சமையற்கட்டு அக்கா இதை வந்து சொன்னதும் கடுகுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வலி என்னுது, பேரு அந்தம்மாவுதா?"

"போய்க் கேளேன்."

"கேப்பேன். இப்ப எந்திரிச்சா மறுபடி தூக்கச் சொல்லும்."

தரையில் காலை நன்றாக நீட்டிக்கொண்டாள். கேமராவை ஒரு முறை முறைத்துவிட்டு, "ஏறுடா பீப்பாய், மெதுவா ஏறு" என்றாள்.