அப்பா தண்ணீர் கேட்ட நாள்

அப்பாவுக்குச் சிறுநீரகங்கள் செயலிழந்தபோது நான் நான்காம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் வேலை பார்த்தவர் அவர். அதன்பிறகு திருச்செங்கோட்டிலிருந்து அஸ்தம்பட்டி ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸுக்குப் போவதும் வருவதுமாகவே எங்கள் நாட்கள் கழிந்தன. உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும் என்பதால், அம்மா காலையில் ஒரு சிறிய பாட்டிலில் தண்ணீர் ஊற்றி வைப்பாள். அன்று முழுவதற்கும் அவ்வளவுதான். அந்தப் பாட்டிலுக்கு நான் காவல். அப்பா கூடுதலாக ஒரு மடக்குக் குடிக்கப் போனால், "அம்மாகிட்டச் சொல்லிப்போடுவேன்" என்று மிரட்டுவேன். சிரித்துக்கொண்டே வைத்துவிடுவார்.

மழைக்காலத்தில் அவருடைய இதயமும் தளர்ந்தது. டயாலிசிஸ் நடக்கும்போதே நினைவு தப்பத் தொடங்கியது. ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போகக் கார் வந்து நின்றது. அப்பா கட்டிலைவிட்டு எழவில்லை. அம்மா வெளியே போய்க் காரைத் திருப்பி அனுப்பினாள்.

செய்தி கேட்டுப் பள்ளிபாளையத்திலிருந்து அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா, தாயில்லாத அவரைத் தூக்கி வளர்த்தவள். செருப்பைக்கூடக் கழற்றாமல் அம்மாவிடம் கேட்டாள்.

"அவன் வேண்டாம்னா நீயும் உட்டுருவியா? இந்தப் புள்ள மொகத்தப் பாத்தியா?"

அப்பாதான் பேசினார்.

"அவள ஒண்ணுஞ் சொல்லாதக்கா. நாந்தான் கெஞ்சிக் கேட்டேன். இனி ஒடம்பு தாங்காதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு. அந்த மிஷின்ல கெடந்து போறதுக்கு, இவங்களப் பாத்துக்கிட்டு ஊட்டுலயே இருந்துக்கறேன்."

அத்தை சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். பிறகு அப்பா தண்ணீர் கேட்டார்.

அம்மா சொம்பு நிறைய மொண்டு வந்தாள். கட்டிலருகே வந்ததும் அப்படியே நின்றுவிட்டாள். அத்தை எழுந்து அதை வாங்கி, அப்பாவின் தலையைத் தன் மேல் சாய்த்துக்கொண்டு தானே புகட்டினாள். நான் தடுக்கப் போனேன்.

"குடிக்கட்டும் சாமி. இனி அளவில்ல" என்றாள்.

அப்பா குடித்தார். மூச்சு வாங்க நிறுத்தினார், மறுபடியும் குடித்தார். பனியன் எல்லாம் நனைந்தது. அப்படியொரு நிறைவான முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அம்மா ஏன் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள் என்று மட்டும் எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் பள்ளியில் பார்த்தவர்களிடமெல்லாம் எங்கப்பாவுக்குச் சரியாகிவிட்டது என்று சொன்னேன். டீச்சர் என்னை முன்னால் நிற்கவைத்து, எல்லோரையும் கைதட்டச் சொன்னார்.