அசெம்பிளித் தாளில் தேறிய ரெஜினா அக்கா

செவ்வாய்க்கிழமை காலை லூமுட்டில் என் அலுவலகத்துக்குள் நுழையும்போது, கூடப் படித்த பாலன் அழைத்தான். "மச்சான், ரெஜினா அக்கா தவறிட்டாங்க. நாளைக்கு பாகான் செராய்ல அடக்கம். வாரியா?" வாரேன் என்றேன். அவருக்கு ஈரலில் நோய் என்று எங்களுக்குத் தெரியும். இவ்வளவு சீக்கிரம் போவார் என்று தெரியாது.

அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். ரெஜினா அக்கா நெல் ஆலைகளின் எடை இயந்திரங்களுக்குக் கணினி நிரல் எழுதியவர். அதற்கு முன் ஈப்போ பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் எங்களோடு கணினிப் பொறியியல் படித்தார். தைப்பிங்கில் சில ஆண்டுகள் கடை வேலை பார்த்துவிட்டு வந்ததால் மலாய், சீன மாணவர்கள்கூட அவரை அக்கா என்றே அழைத்தார்கள். "வயச ஞாபகப்படுத்தாதீங்க லா" என்பார்.

அவரைப் படாதபாடு படுத்தியது கணினி அமைப்பும் அசெம்பிளி மொழியும் என்ற பாடம். ஒருமுறை தோற்று, எங்கள் வகுப்போடு மறுபடி எழுத வந்திருந்தார். இம்முறையும் தோற்றால் படிப்பை விட்டுப் போக வேண்டும், அதுதான் விதி. பெண் இஞ்சினியராகிவிட்டாள் என்று அவருடைய அப்பா ஊர் முழுக்கச் சொல்லி முடித்திருந்தது வேறு.

புத்தகத்தைப் படித்து மண்டையில் ஏறவில்லை என்றதும் அக்கா தாமாக ஒரு வழி கண்டார். பாலன் குடும்பம் இருந்த பழைய ரப்பர் தோட்டத்தில் அப்போதே ரப்பர் போய், எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்துவிட்டது. ஆனால் டேவான் என்று நாங்கள் சொல்லும் மண்டபம் அப்படியே இருந்தது. ஞாயிறு பூசை முடிந்ததும் எங்களை அங்கே உட்காரவைத்துக் கணினியாக்கிவிடுவார். நான் பதிவகம், அதாவது ஓர் எண்ணை மட்டும் வைத்திருக்கும் சின்ன இடம். பாலன் அடுக்கு. எண் எழுதிய பிஸ்கட் பெட்டி அட்டைகளை அவன் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்க வேண்டும். கடைசியாக வைத்ததை முதலில் எடுத்துத் தர வேண்டும். அக்கா நிரலை வரி வரியாக வாசிப்பார், நாங்கள் செய்வோம். "பதிவகம் கொட்டாவி விடக்கூடாது லா" என்று எனக்கு அடிக்கடி திட்டு விழும்.

செய்முறைத் தேர்வுக்கு அவர் எழுதிய நிரல் டேவானில் பிசகில்லாமல் ஓடியது. தேர்வன்று கணினியில் தப்பான விடை வந்தது. நேரம் முடியும்வரை திருத்தலாம். நாங்கள் எங்கள் முறைக்காகப் பின்னால் காத்திருந்தோம். அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பையிலிருந்து அட்டைகளை எடுத்து, தேர்வை நடத்திய விரிவுரையாளரிடம் நீட்டி, கொஞ்ச நேரம் அடுக்காக இருக்க முடியுமா என்று மலாயில் கேட்டார்.

அவர் கண்டிப்பான சீன அம்மையார். சிரித்து யாரும் பார்த்ததில்லை. அக்காவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அக்கா வாசிக்க வாசிக்க, முதல் எண் அடுக்கில் போனது. அதன்மேல் இரண்டாவது போனது. திரும்ப எடுக்கும் இடம் வந்ததும் முதல் எண்ணைக் கேட்டுக் கை நீட்டினார். அம்மையார் மேலே இருந்த அட்டையைக் கொடுத்தார். அது இரண்டாவது எண். அக்கா அட்டையைப் பார்த்தார், திரும்பிப் பாலனைப் பார்த்தார். டேவானில் அவன் ஒவ்வொரு தடவையும் அக்கா கேட்ட எண்ணை அடியிலிருந்து உருவிக் கொடுத்திருந்தான். கேட்டதைக் கொடுப்பது எங்கள் வீடுகளில் வளர்ப்பு. கணினிக்கு அந்த வளர்ப்பு கிடையாது.

இரண்டு வரிகளை இடம் மாற்றினார். சரியான விடை வந்தது. தேறுவதற்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவே மதிப்பெண், ஒன்றுகூட அதிகமில்லை. வெளியே பாலன் முகத்தைத் தொங்கப்போட்டு நின்றான். "நீ நல்ல பையன் லா. அதான் பிரச்சினையே" என்று சொல்லி, அவனையே நுரை வர ஆற்றிய தே தாரிக் டீ வாங்கித் தரச் சொன்னார். அதற்குப் பிறகும் அவனை அவர் குறை சொன்னதில்லை.

அடக்கத்துக்கு அந்த அம்மையார் ஈப்போவிலிருந்து வந்திருந்தார். ஓய்வுபெற்றுவிட்டார், கையில் தடி. எங்களை அடையாளம் கண்டு, கோயில் வாசலில் நின்று மலாயில் சொன்னார். அன்று தம் விரலும் அடியில் இருந்த அட்டைக்குத்தான் போனதாம். தோற்றால் அந்தப் பெண் போய்விடுவாள் என்று தெரியுமாம். ஆனால் கேட்டதைக் கொடுத்தால் பிழை தெரியாமலே தோற்றுவிடுவாள் என்று, முகத்தைப் பார்க்காமல் மேலே இருந்ததைக் கொடுத்தாராம். பாலன் அழுதுவிட்டான்.

கல்லறையில் ஒவ்வொருவராக மண் போட்டோம். அம்மையாரும் ஒரு பிடி எடுத்தார். பின்னால் ஆட்கள் காத்திருந்தும், போடாமல் வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார். யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

எங்களுக்கு உங்களை அனுப்ப மனமில்லை அக்கா. நிம்மதியாகப் போய் வாருங்கள்.