பின்வாசலை அடைத்த கதை

காய்ச்சிய நல்லெண்ணெயில் கற்பூரம் கரையும் வாசனையோடு மத்தி மீன் வாசனையும் சேர்ந்து வந்தால், எங்கள் வீட்டுப் பின்வாசலில் கன்னியம்மா அத்தை நிற்கிறார் என்று அர்த்தம். மாமல்லபுரத்து ஹோட்டல் ஒன்றில் முறையாகப் பயிற்சி எடுத்து மசாஜ் வேலை பார்த்துவந்த அம்மா, மாலையில் எங்கள் வாடகை வீட்டின் முன்னறையில் பெண்களுக்கு மட்டும் அதையே செய்தார். தலையில் கூடை சுமந்து மீன் விற்ற கன்னியம்மா அத்தைக்குக் கழுத்து திரும்பாது. யாராவது கூப்பிட்டால் உடம்பையே திருப்பித்தான் பார்ப்பார். சிலைப் பட்டறையில் கல்லை மெருகு தேய்த்த பெண்களுக்குத் தோள்பட்டை தூக்க வராது. இத்தனை வலி இருந்தும் குழாயடியில் அம்மாவின் பெயர் "மசாஜ்காரி". அதைச் சொல்லி உதட்டைச் சுழித்தவர்களே பொழுது சாய்ந்ததும் சந்து வழியாகப் பின்வாசலுக்கு வந்து நிற்பார்கள்.

பள்ளிக்கூடத்தில் ஒருத்தி அந்தப் பெயரைச் சொல்லி என்னைக் கேலி செய்தாள். முந்தின நாள்தான் அவள் அம்மா எங்கள் பாயில் குப்புறப் படுத்திருந்தார். நான் வீட்டில் சொன்னதும் அம்மா அழவில்லை, பின்கதவுக்குத் தாழ் போட்டார். "வலிக்கு இன்னாடி வெக்கம்?" என்றார். அடுத்த வாரமே "பெண்களுக்கு மசாஜ்" என்ற போர்டு வாசலில் தொங்கியது.

வீட்டுக்காரம்மா ஓடிவந்தார். "மேரி, குடும்பம் கீற எடத்துல இன்னா போர்டு இது? வைத்தியம்னு மாத்தி எய்து. இல்லாங்காட்டி வூட்டைக் காலி பண்ணு."

"பண்றது மசாஜு. வேற இன்னான்னு எய்தறது?" என்றார் அம்மா.

அதன்பின் ஒருவரும் வரவில்லை. வேலையும் போய் வீடும் போய்விடுமோ என்று நான் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன். அப்படி ஒரு மாலையில், வீட்டுக்காரம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தபோதே, கன்னியம்மா அத்தை தெருவழியாக வந்து போர்டுக்கு அடியில் கூடையை இறக்கினார். மீன் கூவும் குரலில், "மேரீ! கழுத்து புடிச்சிகினு கீது, நல்லா ஒரு மெசேஜ் போடுமே!" என்றார். அவர் வாயில் மசாஜ் என்றுமே "மெசேஜ்"தான். தெருவே சிரித்தது. வேலை முடிந்து வெளியே வந்தவர், அம்மா பல வாரம் பிடித்துவிட்டதில் இளகியிருந்த கழுத்தை மட்டும் திருப்பி வீட்டுக்காரம்மாவை நிதானமாகப் பார்த்தார். அந்தப் பார்வையை நினைத்தால் எனக்கு இன்றும் குளுகுளு என்றிருக்கிறது.

ஆனாலும் மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்யத்தான் வேண்டியிருந்தது. போர்டைக் கழற்றி அடுத்த தெருவில் மாட்டினோம். பெண்கள் அங்கும் வந்தார்கள், வாசல் வழியாகவே.

மசாஜ் சகல நோய்க்கும் மருந்து என்று அம்மா ஒருநாளும் சொன்னதில்லை. கை மரத்துப்போகிறது, வீங்கியிருக்கிறது என்றால், "மொதல்ல டாக்டராண்ட போ" என்று திருப்பி அனுப்பிவிடுவார். ஆனால் இறுகின தசை தளர்ந்து, உழைத்த உடம்பு இரவில் அசந்து தூங்குவது சின்ன விஷயமா? அதைக் கேவலம் என்பவர்கள் ஒருநாள் கூடை சுமந்து பார்க்கட்டும்.

இன்று ஊரப்பாக்கத்தில் நானும் அதே தொழில்தான் செய்கிறேன். தலைக்கூடைகள் போய் டூவீலர் பெட்டிகள் வந்துவிட்டன. குனிந்து குனிந்து மெசேஜ் பார்த்தே கழுத்து பிடித்துக்கொண்ட பெண்கள் என்னிடம் வருகிறார்கள்; கன்னியம்மா அத்தை அன்றைக்கே சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். போன வாரம் ஒரு பெண் போனில் தணிந்த குரலில், "மேடம், பின்னாடி வழி இருக்கா?" என்று கேட்டார்.

"இருந்துச்சிம்மா. கடை எடுத்த அன்னிக்கே செங்கல் வெச்சி அடைச்சிட்டேன். போர்டுக்கு நேரா வாங்க" என்றேன்.