கரண்ட் இல்லாத நேரத்தில் போட்ட மேஜை

காலை ஒன்பது பத்து. ஆந்திர எல்லை ஊரான நகரியில் அந்த வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் பார்த்தது, நின்றுபோயிருந்த மூன்று விசைத்தறிகளை. கரண்ட் இல்லை. தறி ஓடினால் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. அதனால் அந்தத் தெருவில் கரண்ட் போகும் நேரம் பார்த்துத்தான் நான் தச்சு வேலைக்குப் போவேன்.

வீட்டுக்காரர் முனிரத்தினம் கேட்டது எளிய மேஜை. மகள் கல்பனாவுக்கு வீட்டிலிருந்தே செய்யும் டேட்டா என்ட்ரி வேலை ஒன்று வந்திருந்தது. மறுநாள் பன்னிரண்டு மணிக்கு டெஸ்ட். தேறினால் தினமும் பகல் முழுக்க லேப்டாப் முன்னால் உட்கார வேண்டும். அறையில் தரை முழுக்க நூல் மூட்டைகள். கால் வேண்டாம், சுவரிலேயே அடித்துவிடு என்றார் முனிரத்தினம்.

முக்கால் இஞ்ச் பிளைவுட், நாலடிக்கு இரண்டடி. கீழே மூன்று இரும்பு பிராக்கெட். பதினொரு மணிக்கு முடிந்தது. ரசமட்டம் வைத்தேன். அதன் கண்ணாடிக் குழாயில் குமிழி நடுவில் நின்றது; பலகை மட்டம்.

பதினொன்று இருபதுக்குக் கரண்ட் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் தறிகள் ஓடத் தொடங்கின. சுவர் அதிர, பலகைமேல் குமிழி துடித்தது. கல்பனா இரண்டு நிமிடம் டைப் அடித்துப் பார்த்தாள். எழுந்து போய் அப்பாவைத் தறியை நிறுத்தச் சொன்னாள்.

"எழுத்தெல்லாம் ஆடிக்கினே கீது, நைனா. நான் வேலை செய்ற நேரமெல்லாம் தறிய நிறுத்துவியா?"

பகலில் மூன்றும் ஓடினால்தான் அந்த வீட்டில் அடுப்பு எரியும். முனிரத்தினம் என் பக்கம் திரும்பினார்.

"டேபிள் கேட்டா, மேஸ்திரி நாலாவது தறியப் போட்டுக் குட்த்துட்டாரு."

கல்பனா சிரித்துவிட்டாள். தறி நிற்கும்போது மட்டம் பார்த்தது என் தப்பு என்றேன். சுவரைத் தொடாமல், தரையில் நாலு காலில் நிறுத்தினால் ஆட்டம் குறையும். ஆனால் கால் வைக்கத் தரையில் இடம் வேண்டும் என்றேன். முனிரத்தினம் மூட்டைகளைப் பார்த்தார்.

"கட்டிலுக்கு அடியில தள்ளிட்றேன். நீ கால் வெட்டு."

மீதமிருந்த வேப்பங்கட்டையில் கால் செய்தேன். சுவரிலிருந்து இரண்டு விரல் இடைவெளி விட்டேன். தறி மோட்டாரின் பழைய ரப்பர் பெல்ட்டை அவரே துண்டு போட்டு ஒவ்வொரு காலுக்கும் அடியில் வைத்தார். தறியை ஓடவிட்டு மறுபடி ரசமட்டம் வைத்தேன். குமிழி அசையவில்லை.

அதன்பின் நகரியில் தறி ஓடும்போதுதான் அளவெடுத்தேன். பேச வேண்டியதைப் பேப்பரில் எழுதிக் காட்டச் சொன்னேன்.

கல்பனா தேறினாள். டெஸ்ட் நடந்த நாற்பது நிமிடமும் மூன்று தறிகளும் ஓடின.