தெற்கு எல்லைத் திருப்பம்

செத்து இரண்டு மாதம் கழித்து ஹால்வர் நெஸ்பி மறுபடியும் தேர்தலில் ஜெயித்தார்.

ஸ்வான்விக் டவுன்ஷிப்பின் ஆண்டுக் கூட்டம் மார்ச்சில் நடக்கும். அமெரிக்காவில், டகோட்டாவின் வடகோடியில் ஆறு மைலுக்கு ஆறு மைல் சதுரம். இருபது வீடு தேறாது. தலைவர் ஆர்வில் வழக்கம்போல மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டே கேட்டார்.

"ரோட்டுப் பொறுப்புக்கு யாரு?"

"ஹால்வரே இருக்கட்டும்," என்று யாரோ சொன்னார்கள். அத்தனை கையும் உயர்ந்தது. உயர்ந்த பிறகுதான், ஹால்வரின் மகள் மார்னா கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பது கண்ணில் பட்டது. கைகளை எப்படி இறக்குவது என்று யாருக்கும் தெரியவில்லை.

குறிப்பெழுதும் பெர்னிஸ்தான் வாயைத் திறந்தாள். "நாப்பது வருசப் பழக்கம். நான் எழுதிட்டேன், இனி அடிக்க மாட்டேன்."

மார்னாவுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கிவிட்டு வந்த காரியத்தைச் சொன்னாள். ஜனவரியில் மண் கல்லாக உறைந்திருந்ததால் அப்பாவின் சவப்பெட்டியை நகரத்து இடுகாட்டுக் கூடத்தில் வைத்திருந்தார்கள். மண் இளகியதும் அம்மா பக்கத்தில் புதைக்க வேண்டும். விதைப்பு தொடங்கிவிட்டால் ஒருவரும் டிராக்டரை விட்டு இறங்க மாட்டார்கள். அதற்கு முன்னால் ரோடு சேறாகக் கிடக்கும். ரோட்டைச் சரிசெய்கிற ஆளோ பெட்டிக்குள் இருந்தார்.

"ஆளில்லாம அப்பாவப் பொதைக்க முடியாது, ஆர்வில். ரோடு சீவுற கிரேடர் சாவியக் குடுங்க."

"இன்ஜினியரம்மாவுக்கு ஓட்ட வருமா?"

"பத்து வயசுல அவர் மடியில உக்காந்து ஓட்டினேன்."

"அந்த வருசம் ரோடு இருந்த லட்சணம் எனக்கு ஞாபகமிருக்கு," என்றார் ஆர்வில். சாவியைக் கொடுத்தார்.

ஹால்வர் அந்தச் சதுரத்துக்குள்ளேயே பிறந்தவர். ராணுவத்துக்குப் போன இரண்டு வருடம் தவிர அதைவிட்டு நகராதவர். மஞ்சள் கிரேடர், முட்டை ரொட்டி வைத்த தகரப் பெட்டி, ஆறிப்போன காபி. யார் வீட்டு வாசலில் விளக்கு எரியவில்லை என்பது அவருக்குத்தான் முதலில் தெரியும். பேச்சு குறைவு. ஒரே ஒரு கதை மட்டும் சொல்வார், தெற்கு எல்லைத் திருப்பத்தைப் பற்றி.

நகரத்திலிருந்து நூல் பிடித்தாற்போல வடக்கே வரும் ரோடு, தெற்கு எல்லையில் சட்டென்று முறியும். கிழக்கே ஒரு பர்லாங் நகர்ந்து, மறுபடி வடக்கே திரும்பும். அந்தக் காலத்தில் நிலம் அளக்க வந்தவன் குடித்திருந்தான் என்பது ஹால்வரின் கதை. மார்னா மினியாபொலிஸில் நில அளவைப் பொறியாளர். பூமி உருண்டை, வடக்கே போகப் போகத் தீர்க்கரேகைகள் நெருங்கும், அதைச் சரிக்கட்டத்தான் அங்கங்கே இப்படி ஒடித்திருக்கிறார்கள் என்று அப்பாவிடம் படம் போட்டே விளக்கினாள். "தெரியும்மா. ஆனா குடிச்சிருந்தான்னு சொன்னாத்தான் ஜனங்க கேக்குறாங்க," என்றார் அவர்.

அந்தத் திருப்பத்தில்தான், ஹால்வரின் இளவயதில், ஊருக்குப் புதிதாக வந்த பள்ளி ஆசிரியை லூசில் திரும்பாமல் நேரே காரை விட்டு, ஹால்வரின் பார்லி வயலில் இறக்கினாள். அவர் டிராக்டரால் இழுத்து வெளியே எடுத்தார். இலையுதிர் காலத்தில் கல்யாணம். மார்னாவின் அம்மா அவள்தான்.

முறிவை நிமிர்த்தி நல்ல வளைவாகப் போடலாம் என்று மார்னா ஒருமுறை வரைபடம் போட்டுக் கொடுத்தாள். ஹால்வர் அதைப் பட்டறைச் சுவரில் அழகாக மாட்டினார். கூட்டத்தில் எதிர்த்துக் கை தூக்கினார்.

"ஏம்ப்பா?"

"தண்ணி வடியாது."

மட்டம் பார்த்தவள் அவள். தண்ணீர் நன்றாகவே வடியும்.

ஏப்ரலில் சேறு இறுகத் தொடங்கியது. மூன்று நாள் மார்னா கிரேடர் ஓட்டினாள். தடங்களைச் சீவி, நடுவை உயர்த்தி, ஓரத்துக்குச் சரிவு கொடுத்தாள். அப்பாவே குறை சொல்லியிருக்க மாட்டார். சனிக்கிழமை காலை மூடுபனி. கல்லறைத் தோட்டத்தில் ஊர் முழுக்கக் கூடியிருந்தது. பெர்னிஸ் உருளைக்கிழங்கு ரொட்டி கொண்டுவந்திருந்தாள். நகரத்திலிருந்து பெட்டி மட்டும் வரவில்லை.

பார்த்துவர லாரியில் போன ஆர்வில் திரும்பி வந்து தொப்பியைக் கழற்றினார்.

"மார்னா, உங்கப்பா பார்லி வயல்ல இருக்காரு."

சவ வண்டியின் டிரைவர் வெளியூர்க்காரன். திருப்பத்தில் அம்புக்குறிப் பலகை இல்லை, நேரே போய்விட்டான். குளிர்காலத்தில் பனி தள்ளும் வண்டி பலகையைச் சாய்த்துப் பள்ளத்தில் போட்டிருந்தது. ஒவ்வொரு வசந்தத்திலும் ஹால்வர் முதல் வேலையாக அதைத்தான் நட்டு நிறுத்துவார். ஊரில் யாருக்கும் அந்தப் பலகை தேவையில்லை. அதனால் அது இல்லாததை ஒருவரும் பார்க்கவில்லை. மூன்று நாள் அதே இடத்தைச் சீவிய மார்னாவும் பார்க்கவில்லை.

அவள் கிரேடரைக் கொண்டுவந்து ரோட்டில் நிறுத்தி, சேற்றில் இறங்கிச் சங்கிலி மாட்டினாள். பின்னாலேயே வந்த ஊர்க்காரர்கள் வரப்பில் வரிசையாக நின்றார்கள். டிரைவர் மன்னிப்புக் கேட்டு மாளவில்லை.

"விடு தம்பி," என்றார் ஆர்வில். "இவங்கம்மாவும் இங்கதான் இறங்குனா." வண்டியின் பின்கதவைத் தட்டினார். "யோவ் ஹால்வர், அவ இங்க இல்லய்யா. அந்தப் பக்கம் காத்துக்கிட்டிருக்கா. வெளிய வா."

முதலில் பெர்னிஸ் சிரித்தாள். பிறகு எல்லாரும். மார்னா கிரேடரில் ஏறி உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மெதுவாக இழுத்தாள்.

மதியத்துக்குள் ஹால்வர் லூசிலின் பக்கத்தில் படுத்தார். ஒரு ஆள் குறையவில்லை.

திரும்பும் வழியில் மார்னா பலகையைத் தூக்கி நிறுத்தினாள். ஆர்வில் குழியில் மண் தள்ளி மிதித்தார்.

"உன் வளைவு பிளான அடுத்த கூட்டத்துல வெச்சிரலாமா? இன்னைக்கிப் பாத்தப்புறம் யாரும் எதிர்க்க மாட்டாங்க."

மார்னா வயலைப் பார்த்தாள். இரண்டு சக்கரத் தடம், ஆழமாக.

"வேணாம்."

"ஏன்?"

"தண்ணி வடியாது," என்றாள்.