சத்தமில்லாத என்ஜின்

எங்கள் தீவில் ரயில் கிடையாது. பெரார்கஞ்சிலிருந்து போர்ட் பிளேருக்கு வேலைக்குப் போகிற எங்களுக்குக் கடலைத் தாண்டும் போட்தான் ரயில். அதன் பழைய டீசல் என்ஜின் போடும் இரைச்சலில், பக்கத்தில் இருப்பவரிடம் பேசக்கூடத் தொண்டை கிழியக் கத்த வேண்டும். அதிலும் ஒரு வசதி இருந்தது. வீட்டில் பேச முடியாததையெல்லாம் நானும் மனைவியும் போட்டில் பேசிக்கொள்வோம். வேறு யாருக்கும் கேட்காது.

போன வருஷம் அந்த என்ஜினை மாற்றி, பேட்டரியில் ஓடுகிற ஒன்றை வைத்தார்கள். முதல் நாள், “ஓடுதா, செத்துப்போச்சா?” என்று நான் எரிந்து விழுந்துகொண்டிருந்தபோதே படகுத்துறை பின்னால் நகர்ந்தது. அதைப் பார்த்ததும் மனைவி பழக்கதோஷத்தில் என் காதருகே கத்தினாள்.

“மெயின்லேண்ட்லேர்ந்து வந்த உங்க அக்கா எப்பத்தாங்க கப்பல் ஏறுவாங்க?”

போட்டே திரும்பிப் பார்த்தது. நண்டுக் கூடையோடு உட்கார்ந்திருந்த பெங்காலிக்காரர் பொறுப்பாகப் பதில் சொன்னார்.

“புதன்கிழமை ஜஹாஸ் இருக்கு, தீதி!”

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு ஓய்ந்தது. கூடைக்குள் நண்டுகள் பிறாண்டுவது கேட்டது. அதற்கும் கீழே, பலகைகளுக்கு அடியில், கடல் விலகி விலகி வழிவிடும் ஓசை.

மனைவி மறுபடி காதருகே வந்தாள். இந்த முறை மெல்லக் கேட்டாள்.

“ஏங்க, கடல் தினமும் இப்படித்தான் இருந்துச்சா?”

எனக்குத் தெரியவில்லை. தினமும் அதன் மேல்தான் போய்க்கொண்டிருந்தேன்.